வண்டிச்சாளையில் இறக்கிய கியர் பெட்டி

ஒரு காரின் கியர் பெட்டியைப் பட்டறைக்குப் போகாமல், மாட்டு வண்டி நிறுத்துகிற கொட்டகையில் வைத்தே இறக்கிவிடலாம் என்றால் நம்புவீர்களா?

இறக்கலாம். நான் இறக்கியிருக்கிறேன். குழி வேண்டாம், சங்கிலிக் கப்பி வேண்டாம். ஒரு ஜாக்கி, சில பனந்துண்டுகள், கைக்குப் பழகின ஸ்பேனர்கள், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடம் ஒன்று, அந்த வடத்தைப் பிடிக்க ஒரு ஆள். இவ்வளவு போதும். அவசரம் மட்டும் ஆகாது. நான் எதிலும் அவசரப்பட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் சங்கையா. பிறந்தது சாந்தன்பாறையில். அப்பாவும் அம்மாவும் போடிப் பக்கத்திலிருந்து மலையேறிப் போய் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். எனக்குக் காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீப் போடுகிற வேலை. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி வைத்திருப்பார்கள். அடியில் நெருப்பு அணையாமலும் மிஞ்சாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே நானும் புகையும்தான். எழுத்துக்கூட்டப் படித்ததெல்லாம் மூட்டை மேல் அடித்த முத்திரையைப் பார்த்துத்தான். அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனார்கள். அதற்கு அடுத்த வருஷம் மூட்டையோடு போடிக்கு இறங்கினவன் திரும்ப ஏறவில்லை. ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். பிறகு பொள்ளாச்சி. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம்.

கொல்லங்கோட்டுக்கு ரயில் வரப்போகிறது என்று வயலுக்கு நடுவே மண் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. கோவிந்தாபுரத்துக்குக் கிழக்கே ரத்தினசாமி என்பவருடைய பண்ணை. ஆட்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். எனக்கு அது வாயில் வராது, முதலாளி என்பேன். அவருக்கு உடுமலைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஆறுச்சாமி பருத்தி அரைத்துப் பஞ்சு எடுக்கிற மில் வைத்திருந்தவர். கல்யாணத்துக்குப் பிற்பாடு மகளுக்குச் சீராகக் கார் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காரை ஓட்டத்தான் நான் வந்தேன். மகளின் பெயர் கமலாத்தாள்.

எனக்கு இடம் வண்டிச்சாளையில். கொட்டகையை அங்கே சாளை என்பார்கள். ஒரு பக்கம் வில்வண்டி, நடுவில் கார், அந்தப் பக்கம் என் கயிற்றுக் கட்டில். பண்ணை ஆட்கள் பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குச் சோறு வரும், தின்றுவிட்டு இலையை எறிவேன். நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு தரம் போல்ட்டுகளைப் போட்டுவைக்கச் சமையல்கட்டில் போய் சொளவு கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. கமலாத்தாள்தான், "மொறத்தக் கேக்கறாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு காரில் ஏறினால் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்பார். இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேரு என்று. மலையைப் பற்றிக் கேட்பார். அட்டையைப் பற்றி ஒரு நாள் கேட்டார்.

"கடிச்சாத் தெரியாதுங்களா, டிரைவரே?"

"தெரியாதும்மா. ரத்தம் வடிஞ்ச பெறகுதான் கால்ல பாப்போம்."

"ஐயோ சாமி. நல்ல ஊருதானுங்க உங்குளுது."

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்கள் வேறு விதமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் கேள்வி கேட்கிறவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என்பதைச் சொல்ல வந்தேன்.

கமலாத்தாளுக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டும் கார் வருவதற்கு முன்பு, மாட்டு வண்டியில் போய்வந்த பிறகு. மூன்றாவது தரம் உண்டானதும் நான்தான் பாலக்காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாட்டு வண்டி மட்டும் ஆகவே ஆகாது, போனால் காரில் போகலாம், அதுவும் மெல்லப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து நான் அந்தக் காரை ஓட்டின ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, உருளுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி இறக்குவேன். "தொட்டில்ல போற மாதிரி இருக்குது" என்பார் அவருடைய மாமியார் முத்தாத்தாள். அவர் யாரையும் லேசில் புகழ்கிறவர் இல்லை.

ஏழாம் மாசம் வந்தது. கட்டுச்சோறு கொண்டுவந்து விருந்து வைத்து மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவது அவர்கள் வழக்கம். கார்த்திகை மாசக் கடைசியில் ஒரு புதன்கிழமை குறித்தார்கள். அதை விட்டால் மார்கழி. மார்கழியில் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். அதோடு எட்டாம் மாசம் பிறந்துவிடும். எட்டாம் மாசத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி வாசல் தாண்டிப் பயணம் போகக்கூடாது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாம் பேச்சு கிடையாது. பிறகு தை மாசம்தான்.

ரத்தினசாமி சாளைக்கு வந்து என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"புதங்கெழம கொண்டுபோயி உட்டுட்டு, காரையும் அங்கியே நிறுத்தீருங்க டிரைவரே. கொழந்தைக்கு அஞ்சாறு மாசம் ஆவறவரைக்கும் அங்கதானுங்க. மில்லு லாரிக்கு எங்க மாமன் ஊட்ல ஆளு இருக்குது, அவனே பாத்துக்குவான். நீங்க பாட்டுக்கு ஊருப்பக்கம் போயிட்டு வாங்க. பெத்தவங்களப் பாத்து எத்தன நாளாச்சு."

"நல்லது மொதலாளி" என்றேன்.

பெற்றவர்கள் இல்லை என்று நான் அந்த வீட்டில் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அன்றைக்கு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். உடுமலைக்குப் போகிற சாலையில் அம்பராம்பாளையத்தை ஒட்டிச் சல்லி கொட்டியிருந்தார்கள். அதில் ஏழு மாசத்துக்காரியை ஏற்றிப் போவது சரியா? வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பேசாமல் இங்கேயே இருந்தால் பாலக்காடு பக்கம், டாக்டரம்மா பக்கம். என்னைக் கேட்டால் இதுதான் நியாயம். ஆனால் டிரைவரை யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் குறித்த நாளை மாற்று என்று நான் சொல்ல முடியுமா? கார் சொன்னால் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை முத்தாத்தாளைக் கொல்லங்கோட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் கிளச்சைப் பாதி மட்டும் மிதித்துக் கியரைப் போட்டேன். அப்படிப் போட்டால் பல்லோடு பல் உரசி ஒரு சத்தம் வரும். காருக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் நாலைந்து தரம் செய்தேன்.

"என்னுங்க இது, ஒடஞ்ச ஆட்டாங்கல்லு அரைக்கறாப்பல இருக்குது?" என்றார் முத்தாத்தாள்.

"கியர்ல ஒரு பல்லு போயிருக்கும்னு தோணுதும்மா. பெட்டிய எறக்கிப் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அவரே மகனிடம் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முதலில் காரை ஜாக்கியில் தூக்கிப் பனந்துண்டுகள் மேல் உட்கார வைத்தேன். உள்ளே கால் வைக்கிற பலகைகளைப் பெயர்த்தேன். கியர்த் தடியைக் கழற்றினேன். அடியில் போய் எண்ணெயை ஒரு தகரப் போசியில் வடித்தேன். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டை முனையில் விட்டுவிட்டு ஓரமாகக் கட்டினேன். கிளச்சுக் கம்பியை எடுத்தேன். கழற்றின ஒவ்வொன்றையும் முறத்தில் வரிசை மாறாமல் வைத்தேன். எந்த போல்ட்டு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தைப் போலவே முறத்திலும் அதற்கு இடம்.

வண்டி ஓட்டுகிற காளிச்சாமி வந்து குந்தினான். வில்வண்டியும் காளைகளும் அவன் பொறுப்பு. கார் வந்ததிலிருந்து அவனுக்கு மரியாதை குறைந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

"ஏனுங்க டிரைவரே, உங்க குதரைக்கு வகுத்தக் கிழிச்சுக் கொடல வெளியில எடுத்துப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

"கொடல் இல்லப்பா. இனிமேத்தான் கொடல்."

"எங்காளைக்கு இந்தச் சீக்கெல்லாம் கெடையாதுங்க. புல்லத் தின்னும், சாணியப் போடும், போன்னாப் போவும்."

"சரி, பேசுன வாயோட இந்த வடத்தப் பிடி."

பெட்டியைச் சுற்றி வடத்தைக் கட்டி, காருக்குள்ளே குறுக்கே போட்ட மூங்கிலில் சுற்றி, நுனியைக் காளிச்சாமி கையில் கொடுத்தேன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு கிளச்சுக்குள் நுழைந்திருக்கும். போல்ட்டைக் கழற்றினதும் பெட்டியின் பாரம் அந்தத் தண்டில் தொங்கிவிட்டால் கிளச்சு நாசமாகிவிடும். அதனால் தலை வெட்டின நீள போல்ட்டுகள் இரண்டை அங்கே திருகிவிட்டு, அதன் மேலேயே நேராகப் பின்னுக்கு இழுத்து, தண்டு வெளியே வந்த பிறகுதான் கீழே விடவேண்டும். பாரம் ஒரு கணமும் தவறான இடத்தில் விழக்கூடாது. நான் "விடு, விடு" என்று சொல்ல, காளிச்சாமி கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டான். பெட்டி சாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் விழவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தேன். பற்கள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. நான் உரசின இடத்தில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

"என்னுங்க, எந்தப் பல்லு?" என்றான் காளிச்சாமி.

"உள்ள இருக்கு. உனக்குத் தெரியாது."

புதன்கிழமை உடுமலையிலிருந்து வண்டிகளில் வந்து இறங்கினார்கள். கட்டுச்சோறு கூடை கூடையாக வந்தது. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, கொள்ளு, எள்ளு என்று சாளை வரைக்கும் வாசனை. ஆறுச்சாமி நேராக என்னிடம் வந்தார். காரைப் பார்த்தார். சாக்கின் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பாத்தா இதக் கழட்டோணும்?"

"ஓட்டிட்டுப் போயி நடுவழியில நின்னா அம்மாவுக்குக் கஷ்டமுல்ல. கோயமுத்தூர்லருந்து சாமான் வரணும். பஸ்காரர்ட்ட சொல்லிவிட்டிருக்கேன்."

அவருக்கு என் பதில் சரியாகப் பட்டது. யாருக்குத்தான் படாது? சாமானுக்கு நான் சொல்லிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

உள்ளே பேச்சு நடந்தது. கமலாத்தாளின் அம்மா வள்ளியாத்தாள் மில் லாரியைக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டார். லாரிக் குலுக்கலுக்கு மாட்டு வண்டியே தேவலை என்றார் ஆறுச்சாமி. நாளைக்கு அனுப்பலாமா என்று ரத்தினசாமி கேட்டார். முத்தாத்தாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நாளைக்கு நல்லால்ல. அதுக்கு மேல எட்டு பொறந்துருது. எட்டுல காலெடுத்து வெக்கறதாவுது. தை பொறக்கட்டும், ஒம்பதுல கூட்டீட்டுப் போங்க. எம்பட மருமகளா எனக்கு வேண்டாதவ?"

சாப்பிட்டு முடித்துக் கிளம்பினார்கள். வாசலில் கமலாத்தாள் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டிப்போக வந்த அம்மாவை மகளே வழியனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது. வண்டியில் ஏறும் முன் ஆறுச்சாமி என்னைக் கூப்பிட்டார்.

"செரியானதும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. என்ற ஆளு வந்து ஓட்டீட்டுப் போவான். மில்லுல வெச்சு முழுசாப் பாத்தர்லாம்."

நான் தலையை ஆட்டினேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை தாண்டினால் பெட்டியை ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஏற்றினால் காரைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே பெட்டி சாக்கின் மேலேயே இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். கிழக்குக் காற்று பனைமரத்தில் சலசலவென்று அடிக்கும். நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பற்களைத் துடைப்பேன். கார் ஓடுகிற காலத்தில் சாளைக்கு யாரும் வரமாட்டார்கள். பிரித்துப் போட்டதும் எல்லாரும் வந்தார்கள். களை வெட்டுகிறவர்கள், பால் கறக்கிறவர், ரயில் ரோட்டில் மண் சுமக்கிறவர்கள்கூட. இது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். ரத்தினசாமிகூட ஒரு நாள் குந்தி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

கமலாத்தாளும் வருவார். உட்கார முடியாது, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் தண்டைக் கையால் சுற்றச் சொன்னேன். சுற்றினார். பெட்டிக்குள் பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின.

"நல்லாச் சுத்துதுங்களே."

"சுத்தும்மா."

"எதுங்க ஒடஞ்ச பல்லு?"

"அது மயிரிழை மாதிரி விரிசல்மா. கண்ணுக்குத் தெரியாது."

குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிக்கொண்டு வந்தார். ஒரு சுற்று முழுவதும் தடவினார். விரலில் பட்ட எண்ணெயைத் தூணில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல.

"எங்கம்மா ஊட்டுக்குப் போகோணுமுங்க, டிரைவரே. ரெண்டு போயிருச்சு. இதுக்காச்சும் அம்மா பக்கத்துல இருந்தாத் தேவலைன்னு இருக்குது."

"தையில போயிரலாம்மா."

"அதுக்குள்ள கோத்துருவீங்களா?"

"கோத்துருவேன்."

விரலில் தட்டுப்படாத அந்த விரிசலைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரத்தினசாமி வந்து கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்தவரை கமலாத்தாளுக்கும் இங்கேயே இருப்பதில் ஒரு சம்மதம் இருந்தது. இல்லாவிட்டால் ஏன் சொல்லாமல் இருக்க வேண்டும்? என் பிழைப்பு போய்விடும் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார் என்று காளிச்சாமி பிற்பாடு சொன்னான். அவன் எதையும் கோணலாகப் பார்க்கிறவன்.

மார்கழி பாதியில் ஒரு காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே முத்தாத்தாள் சத்தம் போட்டார். வலி ஒன்றும் இல்லையாம், ரத்தம் மட்டும் போகிறதாம். ரத்தினசாமி கொல்லங்கோட்டுக்கு ஆளை ஓட்டினார். அங்கே வாடகைக் கார் ஒன்றே ஒன்று உண்டு. அது குருவாயூருக்குச் சவாரி போயிருந்தது. அந்தச் செய்தி வந்ததும் ரத்தினசாமி சாளைக்கு வந்தார். வேட்டியில் ரத்தம் பட்டிருந்தது.

"இதக் கோத்தா ஓடுமுங்களா?"

"சாமான் வரலியே மொதலாளி."

"ஒடஞ்ச பல்லோடவே ஓட்ட முடியாதுங்களா? பாலக்காடு வரைக்கும். அப்பறமேலு எக்கேடோ கெட்டுப்போகுது."

"பாதி வழியில நின்னுரும். அதுக்கு மாட்டு வண்டி மேலு."

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். கோர்த்தால் ஓடும். நன்றாகவே ஓடும். நல்ல பெட்டி நல்ல பெட்டியாகத்தான் ஓடும். அப்படி ஓடினால் பாலக்காடு போய்ச் சேருவதற்குள் ரத்தினசாமிக்குத் தெரிந்துவிடும், இதில் எதுவும் உடைந்திருக்கவில்லை என்று. அதற்குப் பிறகு என்னை அங்கே யார் டிரைவர் என்று கூப்பிடுவார்கள்? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி வேண்டாம் என்று பட்டது.

சும்மா நின்றேன் என்று நினைக்காதீர்கள். காளிச்சாமி காளைகளைப் பூட்டுவதற்குள், காரின் பின் சீட்டைக் கழற்றி எடுத்து வில்வண்டியில் வைக்கோலின் மேல் போட்டேன். ஸ்பிரிங் வைத்த சீட்டு, குலுக்கல் தெரியாது. அது என் யோசனைதான். வேறு யாருக்கும் தோன்றவில்லை. சீட்டு நகராமல் வடத்தால் கட்டினதும் நான்தான்.

கமலாத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. சீட்டின் மேல் படுக்கவைத்ததும், அது எந்த சீட்டு என்று கையால் தடவிப் பார்த்தார். தலையைத் திருப்பிச் சாளைப் பக்கம் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தார்.

"இன்னிக்காச்சும் கோத்துருங்க, டிரைவரே."

மெல்லத்தான் சொன்னார். ரத்தினசாமி காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார், அவருக்குக் கேட்டிருக்காது. காளிச்சாமிக்குக் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"சாமான் வரணும்மா" என்றேன்.

வண்டி கிளம்பிற்று. முத்தாத்தாளும் ரத்தினசாமியும் கூடப் போனார்கள். வீட்டில் ஆள் இல்லை. சாளையில் நான் மட்டும். பெட்டியை ஏற்ற எனக்கு ஒரு முற்பகல் போதும். அப்போதே கை வைத்திருந்தால் வண்டி புதுநகரம் போய்ச் சேருவதற்குள் பிடித்திருக்கலாம். வழியில் நிறுத்திக் காருக்கு மாற்றியிருக்கலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு நான் முறத்தில் இருந்த போல்ட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்த பின் அதனதன் இடத்திலேயே வைத்தேன். பொழுது மேற்கே சாய்கிற வரைக்கும் அதைச் செய்தேன். மனசு குழம்பினால் எனக்குக் கை வேலை வேண்டும். அது சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம்.

பொழுது இறங்குகிற நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. போன வண்டி அன்றைக்கே திரும்பி வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். புதுநகரத்துக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டதாம். வயிற்றில் இருந்ததும் சேர்த்து. காளிச்சாமி காளைகளை அவிழ்த்துவிட்டுச் சாளைக்குள் வந்தான். சாக்கின் மேல் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தான். தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். பல் எல்லாம் சத்தமில்லாமல் சுற்றிற்று.

"காலைல அம்மிணி என்ன சொன்னாங்க டிரைவரே?"

நான் முறத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசினது இரண்டொரு வார்த்தை. பண்ணாடியிடம் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், வடத்தைப் பிடித்து இறக்கினது தானும்தானே என்று கேள்வி வரும் என்று பயந்திருக்கலாம்.

பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு வழியில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். கமலாத்தாளுக்கும் கொல்லங்கோட்டுச் சாலையில் நட்டார்கள். இரண்டு கல் நின்றிருக்க, மேலே ஒரு கல் குறுக்கே. புல்லுக்கட்டுக்காரர்களும் தயிர்க்கூடைக்காரர்களும் அதன் மேல் சுமையை இறக்கிவிட்டு நிழலில் நிற்பார்கள். பல தடவை பார்த்திருக்கிறேன். அத்தனை பேருக்கு அதனால் உபகாரம். எதிலும் ஒரு நன்மை உண்டு என்று சொல்வார்கள் அல்லவா.

இப்போது நான் இருக்கிற ஊரில் என்னோடு தமிழ் பேச ஆள் கிடையாது. என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை, போலீசில் கேட்டதில்லை. இருந்தும் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கோர்த்திருக்கலாமே என்று ஒருவராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பேன். கெடுதல் நினைத்து நான் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றினதில்லை. ஒருவரை ஊரில் இருத்தி வைக்கப் பார்த்தேன். அவர் இருக்கவில்லை.

வண்டி திரும்பி வந்த மறுநாள் காலையில் பால் கறக்கிற நேரத்துக்குக் கியர் பெட்டியை ஏற்ற ஆரம்பித்தேன். கமலாத்தாளின் பிறந்த வீட்டுக்குச் செய்தி போகவேண்டும், அம்மா வந்து முகம் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். வடம் பிடிக்க ஆளைக் கூப்பிடவில்லை. நுனியைத் தூணில் சுற்றிக் கட்டித் தனியாகவே ஏற்றினேன். வெயில் சாளைக்குள் விழுவதற்குள் எண்ணெய் ஊற்றி, ஹேண்டிலைச் சுற்றினேன். முதல் சுற்றில் கிளம்பிற்று. சத்தம் கேட்டு ரத்தினசாமி வந்து நின்றார்.

"சாமான் வந்துருச்சுங்களா?"

"பழசே போதும்னு ஆயிருச்சு மொதலாளி."

அவர் என்ஜினைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அவங்கம்மாளக் கூட்டீட்டு வந்துருங்க" என்றார்.

பின் சீட்டைக் கழுவிப் பனைமரத்தில் சாய்த்திருந்தார்கள், காயவில்லை. அந்த இடத்தில் ஒரு பாயை மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்பராம்பாளையத்தில் சல்லியெல்லாம் அமுங்கிச் சாலை நன்றாக இருந்தது. போகும்போதும் வரும்போதும் கியர் ஒரு இடத்திலும் சத்தம் போடவில்லை. உச்சிக்கு முன்பே வள்ளியாத்தாளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டேன்.